நாலு விரற்கடை

வடக்கிலிருந்து வரும் தண்டவாளம் அகலம்.
தெற்கிலிருந்து வருவது குறுகல்.
வித்தியாசம் எண்பத்தைந்து மில்லிமீட்டர்.
நோர்ஜ்மாவின் கையில் நாலு விரற்கடை,
கையுறையைக் கழற்றாமல் அளந்தால்.

மங்கோலியாவின் தெற்கு ஓரம். ஊர் ஸமீன்-ஊத்.
வழியின் வாசல் என்று பொருள்.
உருளைக்கிழங்கு, ஜன்னல் கண்ணாடி, ஊசிமருந்து
எதுவானாலும் இங்கே நின்று
வண்டி மாறித்தான் உள்ளே போகும்.
மாற்றுவது அவள்;
பன்னிரண்டு மீட்டர் உயரத்தில், கிரேனின் கூண்டில்,
ஒரு ரயிலிலிருந்து தூக்கி
இன்னொரு ரயிலில் வைப்பது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி
என்று எழுதினேன், அடித்துவிட்டேன்.
மத்தளம் சத்தமாவது போடும்.

இந்த மண்ணின் தாமிரம்
சாம்பல்நிறப் பொடியாகத் தெற்கே போகிறது.
கம்பியாகத் திரும்பும்போது
சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கிறது,
பிறந்த வீட்டுக்கு விசா கேட்டு.
டீசல் வடக்கிலிருந்து.
போன ஜனவரியில் டேங்கர்கள் பதினொரு நாள் தாமதம்.
பனி, என்றார்கள்.
அந்தப் பக்கம் வானம் பளிச்சென்று இருந்ததை
எல்லோரும் பார்த்தார்கள்.

பிப்ரவரி. இரவு இரண்டே முக்கால்.
சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
இருபத்திரண்டு டன் தாமிரக் கம்பி
அந்தரத்தில் இருக்கும்போது
கூண்டின் திரை நீலமானது.
உரிமம் காலாவதி.
மூன்று மொழிகளில் சொன்னது.
மூன்றும் அவளுக்குக் கொஞ்சம் புரியும்.
மூன்றில் எதற்கும் அவளைப் புரியாது.

நெம்புகோலை இழுத்தாள். அசையவில்லை.
கோபிப் பாலையின் காற்று மட்டும்
பெட்டியை லேசாக ஆட்டியது,
தொட்டிலில் போட்டதைப் போல.

உதவி எண்ணை அழைத்தாள்.
பியானோ வாசித்தார்கள், ஆறு நிமிடம்.
பிறகு ஒரு பெண், நல்ல குரல்:
மன்னிக்கவும், உங்கள் நாடு பட்டியலில் இல்லை.
பக்கத்து நாடு ஏதாவது ஒன்றைத்
தேர்ந்தெடுத்துக்கொள்கிறீர்களா?

நோர்ஜ்மா இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.
பக்கத்தில் இருப்பது இரண்டே இரண்டு.
போனை வைத்துவிட்டாள்.

கோம்போசூரென் கடப்பாரையோடு ஏறினான்.
மேலே, கம்பிவட உருளையின் பிரேக்கை
இரண்டு தாடையும் விலகும்படி நெம்பி
ஒரு மூச்சு விட்டு, மறுபடி பிடித்து,
நெம்பி, விட்டு, பிடித்து.
ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சாண் இறங்கியது.
கீழே இருந்து ஷட்டர்காரன் லுவ்சான்
டார்ச் அடித்துக் கத்தினான்:
தெற்கு வண்டி போய்விட்டது!
வடக்கு வண்டி எட்டாது!
அப்படியானால் எங்கேதான் வைப்பது?

இரண்டு பாதைக்கும் நடுவே
ஜல்லி கொட்டிய வெற்று இடம்.
அங்கே இறங்கியது.
பூமி ஒருமுறை உறுமியது, அவ்வளவுதான்.

மூன்று பேரும் பெட்டியின் காற்று மறைவில் உட்கார்ந்து
உப்புப் போட்ட பால்தேநீர் குடித்தார்கள்.
யாரும் பெருமையாக எதுவும் சொல்லவில்லை.
லுவ்சானுக்கு மூக்கு ஒழுகியது.
பதிவேட்டில் "எந்தப் பாதை" என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று கேட்டான்.
அகலமா, குறுகலா, இரண்டு விடைதான் அச்சடித்திருந்தது.
நோர்ஜ்மா வாங்கி, வெகுநேரம் யோசித்து,
"தரையில்" என்று எழுதினாள்.

காலை ஒன்பதுக்குச் சங்கேத எண் வந்தது,
பதினெட்டு இலக்கம், பணம் கட்டிய ரசீதோடு.
தட்டினாள். திரை பச்சையானது.
புதிய உரிமம், அடுத்த பிப்ரவரி வரை.
பெட்டியைத் தூக்கி வடக்கு வண்டியில் வைத்தாள்.
வண்டி தலைநகரத்துக்குக் கிளம்பியது.

ஜல்லியில் நான்கு மூலைத் தடம் இருந்தது.
மதியத்துக்குள் மணல் நிரப்பிவிடும்.
கூண்டிலிருந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அடுத்த ரயில் ஊதும்வரை.
கோம்போசூரென் கடப்பாரையைக் கிடங்கில் திருப்பிக் கொடுக்கவில்லை.
கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றான்.